தளை: பனையேறியின் காலில் வாழும் சொல்

பனையின் மூட்டில் நிற்கும் பனையேறி, ஏறுவதற்கு முன் தன் இரண்டு கால்களையும் தானே கட்டிக்கொள்கிறார். நாரில் முறுக்கிய ஒரு வளையத்தை இரு பாதங்களிலும் மாட்டி, பாதங்களை மரத்தின் இரண்டு பக்கமும் அணைத்து வைக்கிறார். கைகள் மரத்தைச் சுற்றிப் பிடிக்கின்றன. கால்கள் விலகிப் போகாமல் வளையம் இழுத்து நிறுத்துகிறது. அந்த இறுக்கத்தில் பாதம் சொரசொரப்பான மரத்தில் பதிந்து பிடித்துக்கொள்ள, உடல் ஒரு முழம் மேலே போகிறது. கட்டில்லாத கால் வழுக்கிவிடும். கட்டிய கால்தான் மரத்தில் நிற்கும்.

அந்த வளையத்துக்குத் தளைநார் என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே திளாப்பு என்பார்கள். எல்லையைத் தாண்டினால் மலையாளத்தில் தளப்பு. ஒலி கொஞ்சம் புரண்டாலும் வேர் ஒன்றுதான். காலைக் கட்டுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் பழைய சொல் தளை. அதை அகராதியில் தேடிப் பிடிக்காமல், அன்றாடம் காலில் மாட்டிக்கொண்டு மரமேறியவர்கள் இந்த மாவட்டத்துப் பனையேறிகள்.

ஆனால் இதே மாவட்டத்தில் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையிடம் தளை என்றால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: விலங்கு. லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்கான பயிற்சிப் பட்டியலில் தலை, தளை, தழை என்று மூன்று சொற்கள் வரிசையாக நிற்கும். தலைக்கு எதிரே சிரசு, தழைக்கு எதிரே இலை, தளைக்கு எதிரே விலங்கு. பிள்ளை அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடும். அடுத்த முறை அந்தச் சொல்லைக் காண்பது மேடைப் பேச்சில், அடிமைத்தளை என்ற தொடரில். பாட்டன் காலில் மாட்டியிருந்த நாருக்கும் அந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு அதற்குத் தெரியாமலே போகிறது.

தளைக்கு விலங்கு என்று பொருள் சொல்வது தவறில்லை. அதை மட்டும் சொல்வதுதான் தவறு. ஒரு பெரிய சொல்லின் ஒரே ஒரு முகத்தை, அதுவும் அதன் இருண்ட முகத்தை மட்டும், அடுத்த தலைமுறையிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இந்தச் சொல்லின் விரிவு தெரியும். கட்டு, கயிறு, விலங்கு, சிறை, காற்சிலம்பு, மலரின் முறுக்கு, செய்யுளின் உறுப்பு எனப் பொருள்கள் வரிசையாக வருகின்றன. தளைதல் என்ற வினைக்குக் கட்டுதல், பிணித்தல் என்று பொருள். குழந்தையின் காலில் அழகுக்காக இடும் வளையமும், குற்றவாளியின் காலில் இடும் இரும்பும் ஒரே பெயரில் இருந்திருக்கின்றன. மலையாளத்தில் இன்றும் தள என்றால் காலில் அணியும் வளையம்தான். கோயில் திருவிழாவில் மிரண்டோடிய யானையைச் சங்கிலியிட்டு நிறுத்தினால், யானையைத் தளைத்தார்கள் என்றே அங்குள்ள செய்தித்தாள்கள் எழுதும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேரும்வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. இரண்டு மொழியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிய மண் இது. தளையின் இரண்டு கிளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

மொட்டின் இதழ்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும் நிலைக்கும் பழந்தமிழ் தளை என்று பெயர் வைத்தது. பூ மலர்வதைத் தளை அவிழ்வது என்றது. விடியலுக்கு முன்பே தோவாளைச் சந்தைக்கு வந்து சேரும் பிச்சியும் மல்லிகையும் பெரும்பாலும் அவிழாத மொட்டுகள். மாலையாகி, வீட்டு வாசலையோ கோயில் நடையையோ சேர்ந்த பிறகுதான் அவை அவிழ்கின்றன. நேரம் வரும்வரை மணத்தையும் மென்மையையும் உள்ளே வைத்துக் காப்பது அந்த முறுக்கு. அதைத் தளை என்று அழைத்தவர்களுக்குக் கட்டு என்பது எப்போதும் சிறையாகத் தோன்றவில்லை.

செய்யுள் இலக்கணத்தில் இதே பார்வை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று செய்யுளுக்கு ஆறு உறுப்புகளைச் சொல்லுவார்கள். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. உறுப்பு என்றால் உடலின் பாகம். அடி என்றால் பாதம். சீரும் சீரும் சேரும் இடத்தில் இருக்கும் கட்டு தளை. அது சரியாக அமைந்தால்தான் அடி நடக்கும். வெண்பா எழுதுபவர் தளை தட்டுகிறது என்று சொன்னால், கட்டு நெகிழ்ந்து நடை இடறுகிறது என்று பொருள். யாப்பு என்ற சொல்லே கட்டுதலைக் குறிக்கும் யாத்தல் என்பதிலிருந்து வந்ததுதான். வெண்பாவின் ஓசைக்கும் பனையேறியின் ஏற்றத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் ஆகாது. இரண்டிலும் கட்டுதான் நகர்த்துகிறது.

தொழுவத்துக்குப் போனாலும் இந்த உண்மை தெரியும். உதைக்கும் பசுவைக் கறக்கும்போது அதன் பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டும் கயிற்றுக்குத் தமிழில் அணைகயிறு என்று பெயர். அணைத்தல் என்பது தழுவுவதற்கும் தடுப்பதற்கும் பொதுவான சொல். பாத்திரம் கவிழாமலும் கறப்பவருக்கு அடி படாமலும் காக்க அந்தக் கயிறு உதவுகிறது. பால் கறந்து முடிந்ததும் கயிறு கழன்றுவிடும்.

லாடம் கட்டுவது இதைவிடக் கடினமான வேலை. வண்டி மாடுகள் தார்ச்சாலைகளில் நடந்த காலத்தில் சந்தைகளிலும் வண்டிப்பேட்டைகளிலும் லாடம் அடிப்பவர்கள் இருந்தார்கள். கயிற்றைச் சுற்றி இழுத்து மாட்டைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்ப்பார்கள். முன்னங்கால்களையும் பின்னங்கால்களையும் சேர்த்துக் கட்டுவார்கள். மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு வீதம் நான்கு காலுக்கு எட்டுத் தகடுகள். அடித்து முடிக்கும்வரை மாடு அசையக் கூடாது. ஆணி தப்பினால் மாடு நொண்டியாகும். கைதேர்ந்தவர் சீக்கிரமே வேலையை முடித்துக் கட்டை அவிழ்ப்பார். மாடு எழுந்து நிற்கும். மாட்டுக்கு அது சுகமான நேரமில்லை. ஆனாலும் அந்தக் கட்டுக்கு ஒரு நோக்கமும் ஒரு கால அளவும் இருந்தன.

தளை என்ற சொல்லின் மறைந்துபோன முகம் இதுதான்: வேலைக்காகக் கட்டுவது, வேலை முடிந்ததும் அவிழ்ப்பது.

விலங்கு என்ற சொல்லின் பிறப்பு வேறு. அதன் அடிப்படைப் பொருள் குறுக்கு. நிமிர்ந்து நடக்கும் மனிதனைப்போல் அல்லாமல், உடல் நிலத்துக்குக் கிடையாக, குறுக்காக அமைந்த உயிர் விலங்கு. நடக்க முடியாதபடி குறுக்கே கிடக்கும் இரும்பும் விலங்கு. மலையாளத்தில் விலங்ஙனெ என்றால் குறுக்காக என்று பொருள்; தொண்டையில் சோறு சிக்கிக்கொண்டால் விலங்ஙி என்பார்கள். நிலம் வாங்கப் போகிறவர்கள் பத்திர அலுவலகத்தில் கேட்டு வாங்கும் வில்லங்கச் சான்றில் இருக்கும் சொல்லையும் சொல்லாராய்ச்சியாளர்கள் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பார்கள். மனிதனுக்கு விலங்கிடும்போது இரண்டு பொருளும் ஒன்றாகச் சேர்கின்றன. அவன் வழியில் குறுக்கே ஒன்று விழுகிறது. அவன் நிமிர்ந்த நிலையும் பறிபோகிறது.

தொழுமரம் என்றொரு கருவியும் இருந்தது. துளையிட்ட கனமான மரத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் கால்களை மாட்டிப் பூட்டுவது. மாட்டைக் கட்டும் தொழுவுக்கும் ஆளைப் பூட்டும் தொழுவுக்கும் ஒரே பெயர். கருவி மறைந்துவிட்டாலும் சொல் மறையவில்லை. தமிழ் விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்போதெல்லாம், பிலிப்பி நகரச் சிறையில் பவுலின் கால்கள் மாட்டப்பட்ட தொழுமரம் குமரி மாவட்டத்துத் தேவாலயங்களில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இந்த மாவட்டம் விலங்கை விவிலியத்தில் மட்டும் அறிந்ததல்ல. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலராக இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைது செய்யப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் மரத்தோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குமரி மாவட்டத்தில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் அவரை அடையாளம் காட்டுவது முழந்தாளிட்ட உடலும் சங்கிலி பூட்டிய கைகளும்தான். அந்தச் சங்கிலிக்கு வேலை முடிந்து அவிழும் நேரம் என்று ஒன்று வைக்கப்படவில்லை. கட்டப்பட்டவருக்கு அதை அவிழ்க்கும் உரிமையும் இல்லை.

தளைநாரையும் இந்தச் சங்கிலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கையில் தொட்டுப் பார்ப்பதுபோல் தெரியும். பனையேறி தன் காலைத் தானே கட்டிக்கொள்கிறார். இறங்கியதும் தானே கழற்றித் தோளில் மாட்டிக்கொள்கிறார். எதற்காகக் கட்டினோம் என்பது அவருக்குத் தெரியும். யார் கட்டுவது, எதற்காக, எவ்வளவு நேரத்துக்கு, அவிழ்ப்பது யார் என்ற கேள்விகளுக்குத் தளைநாரில் நேரான பதில் இருக்கிறது. விலங்கிடும் கைகள் அந்தப் பதிலைச் சொல்லக் கடமைப்பட்டவை.

இந்திய நீதிமன்றம் கேட்டதும் இதைத்தான். திகார் சிறையில் இருந்த ஒரு கைதி, நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் கைவிலங்கு பூட்டுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குத் தந்தி அடித்தார். பிரேம் சங்கர் சுக்லா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, வழக்கமாகக் கைவிலங்கிடுவது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றது. தப்பி ஓடுவார் என்பதற்குத் தெளிவான காரணம் இருந்தால் மட்டுமே விலங்கிடலாம். அந்தக் காரணத்தை எழுதிவைக்கவும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 43ஆம் பிரிவில் தொடர் குற்றவாளிகள், காவலிலிருந்து தப்பியவர்கள், சில கடுமையான குற்றங்களில் சிக்கியவர்கள் ஆகியோருக்குக் கைவிலங்கை அனுமதிக்கிறது. அனுமதி வந்துவிட்டது என்பதற்காகக் காரணம் சொல்லும் கடமை போய்விடவில்லை.

காரணமே கேட்கப்படாத கட்டின் விலையைத் தமிழகம் ஏர்வாடியில் கொடுத்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநல விடுதி என்ற பெயரில் இருந்த கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 95ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அந்த ஒரு வரி சட்டத்தில் ஏறுவதற்கு 16 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்க ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ஹாக்டை. பன்றியின் நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டுவதிலிருந்து பிறந்தது. பண்ணையில் விலங்குக்குச் செய்ததை அங்கே காவல் துறையினர் மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கினார்கள். கைகளையும் கால்களையும் முதுகுப் பக்கம் சேர்த்துக் கட்டிக் குப்புறப் போட்டால் மூச்சுத் திணறி ஆள் சாகக்கூடும் என்று 1995 ஜூனில் அமெரிக்க நீதித் துறையே காவலர்களுக்கு எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்கள் அமிர்தசரஸில் வந்து இறங்கினார்கள். பயணத்தில் அவர்களுடைய கைகளிலும் கால்களிலும் விலங்கு பூட்டப்பட்டிருந்தது. உரிய ஆவணம் இல்லாமல் அங்கே தங்கியிருந்தார்கள் என்பதே அவர்கள்மேல் உள்ள புகார். நடுவானில் பறக்கும் விமானத்திலிருந்து அவர்கள் எங்கே தப்பி ஓட முடியும்? மனிதனை விலங்கின் நிலைக்குக் கிடத்தும் கட்டு அது. தமிழ் அதற்கு வைத்த பெயர் எவ்வளவு சரியானது என்பதை அந்த ஒரு பயணம் காட்டிவிட்டது.

இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மொழி, இப்போது அந்த நுட்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. காரணம் இலக்கணத்தில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் பனை நின்ற விளைகளில் ரப்பர் வந்தது, தென்னை வந்தது, பிறகு வீடுகள் வந்தன. பனையேற்று உயிரைப் பணயம் வைக்கும் தொழில். கை நழுவினால் வாழ்நாள் முழுவதும் படுக்கைதான். வருமானம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வராததற்கு அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தென்னை ஏற இப்போது இரும்பில் செய்த கருவி வந்திருக்கிறது. அதிலும் பாதத்தை மாட்ட ஒரு வளையம் உண்டு. கடையில் அதற்கு மரமேறும் கருவி என்றுதான் பெயர். கயிற்றின் இடத்தில் இரும்பு வந்தது, சொல் மட்டும் கூட வரவில்லை.

ஏறுகிறவர் போனால் ஒரு சொல் மட்டும் போவதில்லை. மரத்தின் மூட்டில் சாய்த்து வைத்து முதல் அடி ஏற உதவும் முருக்குத்தடி, இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி, பாளையில் கட்டும் கலயம், குமரி மக்கள் பதனீரை அழைக்கும் அக்கானி எனக் கூட்டமாகவே போகின்றன. கருப்பட்டி கடையில் கிடைக்கும்வரை அந்தச் சொல் வாழும். தளைநார் கடையில் கிடைப்பதில்லை. அது ஏறுபவரின் கையிலும் காலிலும் வாயிலும் மட்டுமே இருப்பது.

மரத்தைப் பற்றி அரசு கவலைப்பட்டிருக்கிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. பனை விதைகளைக் குளக்கரைகளில் ஊன்றும் இளைஞர்களை எல்லா மாவட்டங்களிலும் பார்க்க முடிகிறது. நல்ல காரியம். இன்று ஊன்றிய விதை பாளை தள்ளப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அன்று அந்த மரத்தில் ஏறுவது எப்படி, எந்த நாரை எப்படி முறுக்குவது, ஒவ்வொன்றுக்கும் பெயர் என்ன என்று சொல்வதற்கு ஆள் இருப்பார்களா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். அ. கா. பெருமாள் நாஞ்சில் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்துத் தந்திருக்கிறார். நாஞ்சில் நாடனும் ஜெயமோகனும் இந்த மண்ணின் சொற்களைக் கதைகளில் ஏற்றி நாடு முழுவதும் படிக்க வைத்திருக்கிறார்கள். தனி மனிதர்கள் தங்கள் முயற்சியில் செய்த வேலைகள் இவை. நிறுவனங்கள் செய்ய வேண்டிய பங்கு பாக்கி இருக்கிறது.

நாகர்கோவிலின் தெ. தி. இந்துக் கல்லூரியிலும் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் மாவட்டத்தின் மற்றக் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் தமிழ் படித்து வெளிவரும் மாணவர்கள் பலர். அவர்களுடைய ஆய்வேடுகளில் ஒரு பகுதியையாவது தொழிற்சொற்களுக்கு ஒதுக்கலாம். பனையேறியிடம், லாடம் அடித்தவரிடம், மாலை தொடுப்பவரிடம், கட்டுமரம் கட்டுபவரிடம் உட்கார்ந்து, சொல்லையும் பொருளையும் மட்டுமல்லாமல் குரலையும் செய்முறையையும் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். சொல்லித் தருபவரின் நேரத்துக்கு உரிய கூலி கொடுத்துக் கேட்க வேண்டும். பாடநூல் எழுதுபவர்கள் தளை என்ற சொல்லுக்கு எதிரே விலங்கு என்பதோடு, மரமேறக் காலில் இடும் நார் என்று இன்னும் நான்கு சொற்களைச் சேர்க்க வேண்டும்.

விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் தளைநார் மாட்டி ஏறியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து விளையிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய் உட்காருங்கள். அந்த நாரை எப்படி முறுக்குவார், அதற்கு அவர் என்ன பெயர் சொல்லுவார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.